மழையில் பார்த்து வாங்கிய வண்டி

என் மாமியார் எந்தப் பொருளையும் வெயில் நாளில் வாங்கியதில்லை.

எங்கள் ஊர் லாங் மவுண்டனில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மலை மேல் மேகம் இறங்கினால் மற்ற பெண்கள் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். இவர் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்குவார். "இன்னிக்கு எவன் மாட்டிக்கிட்டானோ" என்று கடைக்காரர் சிரிப்பார். மாடோ, கூரைத் தகரமோ, செருப்போ, விற்கிறவன் கூப்பிட்டுக் காட்டும்போது அரைக்கண்ணால் பார்த்துவிட்டு, "லாப்ளி வரட்டும், வந்து பாக்கறேன்" என்று நகர்ந்துவிடுவார். லாப்ளி என்றால் கிரியோலில் மழை.

மலையடிவாரத்தில் எங்களுக்கு இருந்த கரும்பு நிலம் அப்படித்தான் வாங்கப்பட்டது. கொட்டும் மழையில் வரப்பின் மேல் இரண்டு மணி நேரம் நின்று, தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்தாராம். விற்க வந்தவர் அலுத்துப் போய் வீட்டுக்குத் திரும்பி, தூங்கி எழுந்து மறுபடி வந்தபோதும் இவர் அங்கேயே நின்றிருந்தாராம். மகனுக்குப் பள்ளிக்கூடத்துச் சப்பாத்து வாங்கப் போன இடத்தில் மழை இல்லை. கடையிலிருந்த வாளித் தண்ணீரில் ஒரு சப்பாத்தை அமிழ்த்திவிட்டார். கடைக்காரர் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. "காயட்டும், சுருங்கலேன்னா எடுத்துக்கறேன்" என்று இவர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். சப்பாத்து சுருங்கவில்லை. அதை என் கணவர் மூன்று வருடம் போட்டாராம்.

என்னையும் மழையில்தான் பார்த்தார்.

என் பிறந்த வீடு குட்லண்ட்ஸில். பூவும் பழமுமாக முறைப்படி பெண் பார்த்துவிட்டுப் போன நாலாம் நாள், காலையிலிருந்து மழை. சமையல்கட்டில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. நனைந்த விறகு எரியாமல் புகைந்தது. கோழிக்குஞ்சுகள் உள்ளே வந்துவிட்டன என்று நான் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, தம்பியைக் காட்டுக்கத்தலாகக் கத்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் இந்த அம்மா, நனைந்த வெள்ளைச் சேலையோடு நிற்கிறார். துணைக்கு யாரும் இல்லை. பஸ் பிடித்துத் தனியாகவே வந்திருந்தார்.

"தேத்தண்ணி கெடைக்குமா?"

புகையில் கண் எரிய எரிய ஊதித் தேநீர் வைத்துக் கொடுத்தேன். வெட்கத்தில் செத்துப்போகலாம் போலிருந்தது. அவர் பாதிக் கோப்பை குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கோவம் வந்தா கத்துறே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நல்லது. என் வீட்டுல கோவம் வந்தா பேச்சை நிறுத்திக்குவாங்க. அது எனக்கு ஒத்துக்கறதில்லே."

ஒரு மாதத்தில் கல்யாணம் நடந்தது. பேச்சை நிறுத்திக்கொள்கிறவர் யார் என்று பிறகுதான் தெரிந்தது. என் கணவர். போர்ட் லூயிஸில் ஒரு பத்திர வழக்கறிஞரிடம் குமாஸ்தா வேலை. காலையில் ரயிலேறிப் போய் இருட்டுவதற்குள் திரும்புவார். நல்ல மனிதர், சுத்தமான சட்டை, அளந்த பேச்சு. மனசுக்குப் பிடிக்காதது எதாவது நடந்தால் அளந்த பேச்சும் இருக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கரும்பு நன்றாக விளைந்த ஒரு வருடம், வீட்டில் கார் பேச்சு வந்தது. மாமியாருக்கு முழங்கால் வலி. வெள்ளிக்கிழமை சாந்த் குருவா கோயிலுக்குப் போக வேண்டும். அறுவடைக் காலத்தில் கரும்பு எடை போடும் இடத்துக்குப் போய் நின்று பார்க்க வேண்டும். மற்ற நாளெல்லாம் அது சும்மா நிற்கப் போகிறது. அதற்குப் புது வண்டி எதற்கு? என் கணவரின் முதலாளி தன்னுடைய பழைய கறுப்பு வண்டியை விற்கப் போவதாகச் சொன்னார். நாலு பேர் உட்காரலாம். கூரை உண்டு, கண்ணாடிச் சன்னல் உண்டு. கிட்டத்தட்ட வாங்கிக்கொள்வதாகவே என் கணவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் முதலாளி வீட்டுக்குப் போனோம். நல்ல வெயில். கறுப்பு வண்டியை நடு முற்றத்தில் நிறுத்தி, எங்களுக்காகவே துடைத்து மெருகேற்றி வைத்திருந்தார்கள். மாமியார் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது சுற்றில் பாதியில் நின்றுவிட்டார்.

முற்றத்து மூலையில், மாமரத்தடியில், ஒரு நீல வண்டி நின்றது. இரண்டே இருக்கை. தரையோடு தரையாகத் தாழ்ந்து, முன்பக்கம் மட்டும் நீண்டு, பாய்வதற்கு முன்னால் பதுங்கிய பூனை மாதிரி இருந்தது. முதலாளியின் அக்கா மகனுடைய வண்டி. பந்தயம் விட்டுக்கொண்டு மலைப்பாதைகளில் ஏறி இறங்கிய வண்டி. அந்த இளைஞர் அடுத்த மாதம் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் படிக்கப் போகிறார், அதனால் அதுவும் விலைக்குத்தான் என்றார் முதலாளி, ஏதோ வேண்டாத பூனைக்குட்டியைப் பற்றிச் சொல்வதுபோல.

என் மாமியார் மாமரத்தடிக்குப் போய் அதன் மூக்கின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"மோ கொன்தான்" என்றார் கிரியோலில். எனக்குப் பிடிச்சிருக்கு.

அந்த இளைஞர் உற்சாகமாக ஓடிவந்து வண்டியைக் கிளப்பிக் காட்டினார். போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த பறவையெல்லாம் பறந்துபோனது. மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு அந்த இளைஞரை, ஐயா என்று மரியாதை வைத்து, கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி:

"இன்னிக்கே எடுத்துக்கலாமா, மிஸ்யே?"

என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கு என்ன தைரியம் வந்ததோ, மாமியார் காதருகே போய், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அத்தை, மழை வரட்டுமே" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன். கையை வண்டியிலிருந்து எடுத்தார். "லாப்ளி வரட்டும்" என்று அந்த இளைஞரிடம் சொல்லிவிட்டு நடந்தார். ரயிலில் வீடு வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. வீட்டில் சேலை மாற்றிவிட்டு வந்து சொன்னார்:

"நீ சொன்னது சரிதான். ஆனா நாலு பேர் முன்னாடி சொன்னே பாரு, அது தப்பு."

"சரி, அத்தை."

"இன்னொரு தடவை இப்படின்னா கிள்ளு. கிள்ளினா போதும்."

அதற்குப் பிறகு மழை வரவே இல்லை. அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம், மூன்று வாரம் வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஊரே கரும்புக் கட்டை துளிர்க்க மழை வேண்டும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. என் மாமியார் அந்த நீல வண்டிக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் கிளம்பும் நாள் நெருங்கியது. "அந்தக் கறுப்பு வண்டியை முடிச்சுடலாம்மா, முதலாளி கேட்டுக்கிட்டே இருக்காரு" என்று கணவர் தினமும் சொன்னார். "அதுக்கும் மழை வேணும்பா" என்று இவர் தினமும் பதில் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை விடியும்போது தகரத்தில் படபடவென்று சத்தம் கேட்டது. நான் கண் விழிப்பதற்குள் மாமியார் குளித்து, உடுத்தி, குடையோடு நிற்கிறார்.

முதலாளி வீட்டில் எங்களை எதிர்பார்க்கவில்லை. கறுப்பு வண்டி கொட்டகையில் துணி போர்த்தி நின்றது. அதை வெளியே எடுத்து ஓட்டிக்காட்டச் சொன்னார் மாமியார்.

"இந்த மழையிலா? சேறாகிவிடும். வெயில் வரட்டும், வாங்க" என்றார் முதலாளி.

"சரிங்க மிஸ்யே" என்று கும்பிட்டார் இவர். கறுப்பு வண்டியின் கதை அதோடு முடிந்தது. என் கணவருக்கு மட்டும் அது முடிந்தது தெரியவில்லை.

அக்கா மகன் சட்டை நனைய நனைய வெளியே வந்தார். நீல வண்டி கிளம்பவில்லை. முன்னால் கைப்பிடியை மாட்டிப் பத்துத் தடவை சுற்றினார். பத்துத் தடவையும் அது இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. மூடியைத் திறந்து, உள்ளே ஈரமான இடத்தைக் காய்ந்த துணியால் துடைத்து, ஏதோ வசை சொல்லி மறுபடி சுற்றினார். கிளம்பியது. மேலே இழுத்துவிட்ட கித்தான் கூரையில் ஓர் ஓட்டை. சரியாக மாமியாரின் இடது தோளில் சொட்டியது. அவர் தோளை நகர்த்தாமல் உட்கார்ந்துகொண்டார். வண்டி வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

நாங்கள் இரண்டு பேரும் முதலாளி வீட்டு வராந்தாவில் நின்றோம். கால் மணி நேரத்தில் வந்துவிடுவார்கள் என்று நினைத்தோம். ஒரு மணி நேரம் ஆயிற்று. முதலாளி மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு மணி நேரம் கழித்து, மூக்கில் ஆவி பறக்க, நீல வண்டி திரும்பி வந்தது. நீலம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மாமியாரின் வெள்ளைச் சேலை முழங்கால் வரை சிவப்புச் சேறு. முன்தலை முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

நடந்ததை அந்த இளைஞர்தான் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே சொன்னார். எவ்வளவு வேகம் போகும் என்று காட்ட அவர் தயாராக இருந்தாராம். இந்த அம்மா ஒரு தடவைகூட வேகத்தைக் கேட்கவில்லை. கரும்புக் காட்டுப் பாதைக்குத் திருப்பச் சொன்னாராம். அங்கே முன்னால் மூன்று மாட்டு வண்டிகள் கரும்பை ஏற்றிக்கொண்டு ஊர்ந்துகொண்டிருந்தன. முந்தப் போனவரைத் தடுத்து, "பின்னாலேயே போங்க" என்றாராம். மாட்டின் நடைக்கு வண்டி நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொதித்து ஆவி சீறியது. இவர் சேற்றில் இறங்கி, மாட்டுக்கு வைத்திருந்த வாளித் தண்ணீரை வண்டிக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தாராம்.

"ஈரத்துல கிளம்பாது. தோள்ல ஒழுகும். மெதுவாப் போனா கொதிக்கும்" என்று மாமியார் விரல் மடக்கினார்.

"இன்னும் இரண்டு இருக்கிறது, மாதாம்" என்றார் இளைஞர். "இரண்டாவது கியர் கெஞ்சினால்தான் விழும். வளைவில் இடது கதவு தானாகத் திறந்துகொள்ளும். கயிறு போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும்."

"எடுத்துக்கறேன்" என்றார் மாமியார்.

"அம்மா!" என்று கத்தியேவிட்டார் என் கணவர். "இத்தனை பழுதையும் பார்த்துட்டா?"

"பழுது பார்க்கத்தானேடா போனேன்?"

"பார்த்துட்டு வேணாம்னு சொல்றதுக்குத்தானே போவாங்க!"

"வேணாம்னு சொல்ல எதுக்கு நனையணும்? அது வீட்டிலிருந்தே சொல்லலாம். நனைஞ்சு, நாறி, நடுரோட்டுல நிக்கறப்பவும் இது வேணும்னு தோணுதான்னு பார்க்கப் போனேன். தோணுச்சு."

எனக்குச் சட்டென்று குட்லண்ட்ஸ் சமையல்கட்டும் புகையும் நினைவுக்கு வந்தன. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த இளைஞர் வண்டியைக் கொண்டுவந்து வீட்டில் விட்டதும் சண்டை. "முதலாளி முகத்துல நான் எப்படி முழிக்கிறது? இந்தப் பொம்மை வண்டியை நான் ஓட்ட மாட்டேன். யார் ஓட்டறாங்கன்னு பாக்கறேன்" என்றார் கணவர். நான் கையில் அகப்பையோடு நின்றிருந்தேன். மாமியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"நீ ஓட்டறியா?"

"ஓட்டறேன்" என்றேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு கிரியோல் பெரியவர் இருந்தார். சர்க்கரை ஆலையில் லாரி ஓட்டியவர். ஊரே அவரைத் தொன்தோன் என்று, மாமா முறை வைத்துக் கூப்பிடும். அவர்தான் கரும்புக் காட்டுக்குள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மாமியார் உட்கார இடமில்லாததால் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நிற்பார். நான் ஒவ்வொரு தடவை வண்டியை அணைத்துவிடும்போதும் தொன்தோன் சிலுவை போட்டுக்கொள்வார். இவர் வரப்பிலிருந்து, "கெஞ்சு, கெஞ்சு! ரெண்டாவதைக் கெஞ்சிக் கேளு!" என்று கத்துவார். கரும்பு வெட்டுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு மருமகள் வண்டி ஓட்டுவதும், மாமியாரே அதற்குக் கூச்சல் போடுவதும் அவர்கள் அதுவரை பார்க்காத காட்சி.

லைசென்ஸ் பரிசோதனைக்கு இரண்டு தடவை நாள் குறித்தும் மாமியார் போக விடவில்லை. இரண்டு நாளும் நல்ல வெயில். மூன்றாவது தடவை தூறியது. பரிசோதிக்க வந்த போலீஸ்காரர் கயிறு கட்டிய கதவையும் ஒழுகுகிற கூரையையும் பார்த்துவிட்டு, "இதையே ஓட்டுகிறாய் என்றால் நீ எதையும் ஓட்டுவாய்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அந்தக் காகிதத்தைக் கணவரிடம் நீட்டினேன். வாங்கி, இரண்டு பக்கமும் வாசித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பேச்சு நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை மாமியாரும் நானும் எடைமேடைக்குப் போனோம். வெள்ளிக்கிழமை வாழைத்தாரைப் பின்னால் கட்டிக்கொண்டு சாந்த் குருவாவுக்குப் போனோம். மற்ற நாளில் வண்டி மாட்டுக்கொட்டகையில் பசுவுக்குப் பக்கத்தில் நின்றது. கோழி இருக்கையில் முட்டை போட்டது. கொதிக்கும், துடைப்போம், கெஞ்சுவோம், போவோம். காற்றில் முந்தானை பறக்க, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வழியில் போகிற எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் அது வடிந்துவிடும். சோறு வைத்தால் கணவர் சாப்பிடுவார். சட்டை எடுத்துவைத்தால் போட்டுக்கொள்வார். ஒரு வார்த்தை கிடையாது. நான் கத்திப் பார்த்தேன். சுவரோடு கத்தியது போலிருந்தது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இப்படியே வருடக்கணக்காகப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. வண்டியை விற்றுவிடலாம் என்று மாமியாரிடம் சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். சொல்லவில்லை.

பதினோராவது நாள் ஞாயிற்றுக்கிழமை. குட்லண்ட்ஸில் என் தம்பிக்கு நிச்சயதார்த்தம். கணவர் விடிந்ததும் தனியாக பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். கொஞ்சம் கழித்து நானும் மாமியாரும் வண்டியில் கிளம்பினோம். நாற்சந்திக் கடை வாசலில், இஸ்திரி போட்ட கோட்டும் தொப்பியுமாக, அவர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். அவரைச் சுற்றி ஊர் ஆட்கள் பத்துப் பேர்.

"நிறுத்து" என்றார் மாமியார்.

கதவின் கயிற்றை அவிழ்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"ஏறு."

"நான் பஸ்ல வர்றேன்மா" என்றார் கணவர், வண்டியைப் பார்க்காமல்.

"பஸ் வராது."

"ஏன் வராது?"

"வராது. ஏறு."

பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் நடுவில் அம்மாவோடு வாதாட அவரால் முடியாது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காலை எங்கே மடக்குவது என்று தெரியாமல் மடக்கி உட்கார்ந்தார். மாமியார் கதவைச் சாத்தினார். கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி வெளிப்பக்கமாக முடிச்சுப் போட்டார்.

"நீங்க, அத்தை?"

"பஸ்ல வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கடைக்குள் போய் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வண்டியை நகர்த்தினேன். முதல் கியர், இரண்டாவது கியர். அன்றைக்கு அது கெஞ்ச வைக்காமல் விழுந்தது. கடைத்தெரு தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பு, நேர் ரோடு, முன்னால் ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. பக்கத்தில் திரும்பிப் பார்க்கவே எனக்குப் பயம். காலை அழுத்தினேன். வண்டி பாய்ந்தது. காற்று அடித்த அடியில் அவர் தொப்பி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கரும்புக்குள் போய் விழுந்தது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. வளைவு வந்தது.

"மெதுவா!" என்று அலறினார்.

பதினோரு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை. நான் வளைவைத் தாண்டி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தேன். அழுதேனோ என்னவோ. நிமிர்ந்தபோது அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் நடந்துபோய் தொப்பியைத் தேடினோம். கிடைக்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்குக் கலைந்த தலையோடுதான் வந்தார்.

பஸ்ஸில் வந்து சேர்ந்த மாமியார், பந்தியில் என் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார். இலையில் சோறு விழும் வரை பொறுத்தவர், அதற்கு மேல் பொறுக்க முடியாமல் என் தொடையில் கிள்ளினார்.

"பேசினானா?"

"பேசினாரு."

"என்ன சொன்னான்?"

"மெதுவான்னாரு."

அவர் கையிலெடுத்த கவளம் இலையிலேயே விழுந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எதிர்வரிசையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

"என் கல்யாணம் முடிஞ்சு கோயில்லேருந்து நடந்து வர்றோம். நான் பாட்டுக்கு முன்னால போயிட்டேன். பின்னாலேருந்து 'மெதுவா'ன்னு ஒரு சத்தம். இவன் அப்பா என்கிட்ட பேசின மொத வார்த்தை அதுதான்."

"நீங்க நின்னீங்களா, அத்தை?"

"எங்க நின்னேன்?" என்றார். பாயசம் ஊற்ற வந்தவரைக் கையமர்த்தி, மகனுக்கு முதலில் ஊற்றச் சொன்னார்.